நான்கு நொடி

ஏசுவடியான் அண்ணனிடம்
ஆறு குளிர்பெட்டி, ஒரு ஜெனரேட்டர்,
பின்சீட்டு கழற்றிய ஒரு ஆம்னி வேன்.
கடை தக்கலை மேட்டுக்கடையில்,
டயர் ரீட்ரேடிங்குக்கு அடுத்த கதவு.
கூகுளில் பதினேழாவது இடம்.

“பதினேழுன்னா எங்க கெடக்கு?”
ரெண்டாம் பக்கம் அண்ணே, கீழே.
“அங்க யாரு வருவா?”
யாரும் வரமாட்டார்கள்.
வீட்டில் ஒருவர் கண் மூடின ராத்திரி
எவரும் பக்கம் புரட்டுவதில்லை.

மார்த்தாண்டத்தில்
மேம்பாலத்து லாரிகள் ஜன்னலை அதிரவைக்கும்
மாடியறையில் இருந்து
முதலில் பாரத்தைக் குறைத்தேன்.
பறக்கும் புறா, மேகம், சுழலும் சிலுவை,
திறந்ததும் தானாகப் பாடும் ஆர்மோனியம்
எல்லாம் எடுத்தாச்சு.
மழைநாளில், ஒற்றைக் கோடு சிக்னலில்,
பேச்சிப்பாறை மேட்டிலும் திறக்கவேண்டும்.
பிறகு ஊருக்கொரு பக்கம்:
கருங்கல், திங்கள்சந்தை, குலசேகரம்.
அழகியமண்டபத்துக்குப் பன்னிரண்டு நிமிடம் என்று எழுதினேன்.
“பள்ளிக்கூடம் விடுற நேரம்னா இருவத்தஞ்சு.
பொய் எழுதாத பிள்ளே.”

நாம் சொல்லும் சொல் வேறு,
ஆட்கள் தேடும் சொல் வேறு.
அவர் பலகையில் ‘அமரர் குளிர்சாதனப் பேழை’.
அதிகாலை ரெண்டரைக்குப் பேழை என்று
யார் தட்டுவார்கள்?
‘பிரீசர் பாக்ஸ் பக்கத்தில்’
‘ஐஸ் பெட்டி வாடகை தக்கல’
‘பாடி வைக்க பொட்டி இப்ப வேனும்’
பிழைகளையும் அப்படியே எடுத்து வைத்தேன்.
தமிழ் வராத விரலா, நடுங்கிய விரலா,
பட்டியல் சொல்லாது.

நட்சத்திரம் கேட்பதுதான் பாடு.
அது இல்லாமல் ஏறமுடியாது.
பதினாறு கழிந்து கேட்கலாமா,
நாற்பத்தொன்று கழிந்தா?
அண்ணன் கேட்கவே இல்லை.
கொல்லங்கோட்டிலிருந்து ஒருவர் தானாக எழுதினார்:
‘கரண்டு போச்சு. ஆள் விடியும்வரை
ஜெனரேட்டர் பக்கத்தில் நின்றார்.
சாயாகூட வேண்டாம் என்றார்.’
நாலு நட்சத்திரம்.
அஞ்சாவது எங்கே போச்சு என்று
ரெண்டு நாள் யோசித்தார்.

ஆடியில் பதினொன்று.
ஓணத்துக்கு முந்தி ஆறு.
கோடு செங்குத்தாக ஏறிய ஒரு வாரத்தைப்
படம்பிடித்து, கட்டைவிரலோடு அனுப்பினேன்.
அது ஊரெல்லாம் காய்ச்சல் கிடந்த வாரம்.
ஞாபகம் வந்து அழிப்பதற்குள்
நீலக்கோடு விழுந்துவிட்டது.
அவர் ஒன்றும் எழுதவில்லை.

ஐப்பசி மழையில் உட்கார்ந்து
பட்டியலை அடிவரை இறக்கியபோது
கண்டது இந்த வரி:
‘அப்பா எழும்பல கை தணுத்திருக்கு என்ன செய்ய’
அதே மாதிரி, அம்மா என்றும்,
பேரே இல்லாமல் வெறும் ‘மூச்சு இல்ல’ என்றும்,
மூன்று மாதத்தில் முப்பத்தொரு முறை.
‘தணுப்பு குறையாது’ என்று
பெட்டியைப் பற்றி நான் எழுதிய ஒரு வாக்கியம்
அவர்களை எங்களிடம் கூட்டிவந்திருக்கிறது.
அந்தத் தேடலுக்கு நாங்கள்
முதலிடம்.

போனில் வாசித்துக் காட்டினேன்.
அந்தப் பக்கம் தகரத்தில் மழை.
“அவிய பெட்டிக்கா வந்தாவ?” என்றார்.
பிறகு,
“மேல நூத்தியெட்டு போடு. பெருசா.
எனக்க நம்பருக்கு மேல.”
அண்ணே, வந்தவர்கள் அதைத் தொட்டு
வெளியே போய்விடுவார்கள்.
நிற்கும் நேரம் குறையும், இடமும் இறங்கலாம்.
“போட்டும்.”

இப்போது எட்டாவது.
அதனாலா, வில்லுக்குறியில் புதிதாகத் திறந்தவராலா,
தெரியாது. கூகுள் காரணம் சொல்வதில்லை.
மாதக்கடைசி அறிக்கையில்
அந்தப் பக்கத்தில் ஒருவர் சராசரியாக நின்ற நேரம்
நான்கு நொடி.
கார்ப்பெட் கடைக்காரர் என்றால்
என் கூலியைப் பிடித்திருப்பார்.
இவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி,
எண்ணின் மேல் நகத்தை வைத்து,
“இத மூணாக்க முடியுமா?” என்கிறார்.

மேலும் என்ன குறைப்பது என்று பார்க்கிறேன்.
அவர் படம் ஒன்று மிச்சம் இருக்கிறது,
வேன் முன்னால், வெள்ளைச் சட்டையில்.
அதை எடு என்று
அவரே சொல்லிவிட்டார்.